கருணை மார்க்

(மெல்பர்ன். ஜூன் மாதத்துச் சனிக்கிழமை மதியம். கிளென் வேவர்லி நிலையத்தில் நகரத்துக்குப் போகும் ரயில் கிளம்பக் காத்திருக்கிறது. உள்ளே மலர், 2009இல் படிக்க வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவள். பக்கத்தில் மதுரையிலிருந்து வந்து மூன்று வாரமான சித்தப்பா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மங்கி குல்லா, அதன்மேல் ஒரு மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர், மடியில் தயிர்சாத டப்பா. குளிர் என்னவோ பன்னிரண்டு டிகிரிதான். மதுரைக்காரருக்கு அது இமயமலை.)

மலர்: சித்தப்பா, மஃப்ளரைக் கழற்றிவிட்டு இந்தத் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சித்தப்பா: (விரித்துப் பார்த்து) கறுப்பு, வெள்ளை, சிவப்பு. அம்மாடி, முப்பத்தாறு வருஷம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஒரு நாள் கட்சித் துண்டைத் தொட்டதில்லை. கடல் கடந்து வந்தபிறகு இதைத் தோளில் போடுகிறாயே!

மலர்: இது கட்சி இல்லை. செயின்ட் கில்டா கிளப். இந்த ஊருக்கே உரிய ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடுகிறவர்கள்.

சித்தப்பா: நடுவில் அண்ணா படம் ஒன்றுதான் பாக்கி.

மலர்: இந்த நிறத்தால் இவர்களுக்கும் வம்பு வந்திருக்கிறது. முதல் உலகப்போர் சமயத்தில் இது ஜெர்மன்காரன் கொடி நிறமாயிற்றே என்று 1915இல் வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சளை வைத்தார்கள். பெல்ஜியம் கொடி ஆகிவிட்டது.

சித்தப்பா: கூட்டணி மாறினார்கள் என்று சொல். இப்போது நன்றாகப் புரிகிறது. சரி, நாம் இவர்களுக்குத்தான் ரூட்டா?

மலர்: (பதறி) ஐயோ, அந்தச் சொல் வேண்டாம்!

சித்தப்பா: ஏன்? அமெரிக்காவில் உன் அண்ணன் அப்படித்தான் சொல்கிறான். இந்த டீமுக்கு ரூட், அந்த டீமுக்கு ரூட் என்று.

மலர்: அமெரிக்காவில் சொல்லலாம். இங்கே கூடாது. ஒரு டீமை ஆதரித்தால், இங்கே 'பாரக்' பண்ணுகிறோம் என்று சொல்லவேண்டும்.

சித்தப்பா: காரணம்?

மலர்: (குரலைத் தாழ்த்தி) நம் ஊர்ப் பையன்கள் 'ரூட் விடுவது' என்பார்களே...

சித்தப்பா: ஆமாம், பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள்.

மலர்: இந்த ஊரில் அந்தச் சொல் பஸ் ஸ்டாப்போடு நிற்காது.

சித்தப்பா: (நெடிய மௌனம்) சிவ சிவா. பாரக். பாரக். பாரக்.

(வண்டி கிளம்புகிறது. சித்தப்பா சிண்டல் நிலையம் வரை அந்தச் சொல்லை உருப்போடுகிறார். இது முக்கியம், பின்னால் வேண்டியிருக்கும்.)

சித்தப்பா: சரி, ஆட்டத்தைச் சொல்லிக்கொடு. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர்?

மலர்: 18.

சித்தப்பா: இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு வகுப்பே ஓடுகிறதே!

மலர்: பந்து முட்டை வடிவம். காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம். ஒருவர் உதைத்ததை இன்னொருவர் காற்றிலேயே பிடித்துவிட்டால் அதற்குப் பேர் மார்க்.

சித்தப்பா: எத்தனைக்கு எத்தனை?

மலர்: அந்த மார்க் இல்லை. அதற்குப் புள்ளி எதுவும் கிடையாது. பிடித்தவரை யாரும் தொடாமல் நிதானமாக உதைக்க விடுவார்கள், அவ்வளவுதான்.

சித்தப்பா: மார்க் என்று பேர், ஆனால் மார்க் கிடையாது. எங்கள் பள்ளியில் கைத்தொழில் பீரியடு அப்படித்தான் இருந்தது.

மலர்: பிடிக்கிற அழகைப் பார்க்கவேண்டும். முன்னால் நிற்கிற எதிரணி ஆளின் முதுகில் முழங்காலை ஊன்றி மேலே ஏறிப் பிடிப்பார்கள்.

சித்தப்பா: உடனே நடுவர் விசில் ஊதி வெளியே அனுப்பிவிடுவாரா?

மலர்: இல்லை. ஊரே எழுந்து நின்று கைதட்டும்.

சித்தப்பா: இதற்கெல்லாம் விதி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

மலர்: இந்த ஆட்டத்துக்கு விதி எழுதியது 1859இல். இங்கே மெல்பர்ன் கிளப்காரர்கள்தான். லண்டனில் சாக்கருக்கு விதி எழுதியதே 1863இல்தான்.

சித்தப்பா: (மரியாதையோடு நிமிர்ந்து) அப்படியானால் இதுதான் தொல்காப்பியம். மேலே சொல்.

மலர்: இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி. குறி தவறி, பக்கத்துச் சந்து வழியாகப் போனால் அதற்குப் பேர் பிஹைண்ட். 1 புள்ளி.

சித்தப்பா: நில். குறி தவறினாலும் ஒரு புள்ளியா?

மலர்: ஆமாம்.

சித்தப்பா: மலர், இது கருணை மார்க்! 34இல் நிற்கிற பிள்ளைக்கு நான் ஒன்று கூட்டி 35 ஆக்குவேன். தலைமையாசிரியர் கேட்டால் 'கையெழுத்துக்கு' என்பேன். முப்பத்தாறு வருஷம் பயந்து பயந்து நான் செய்ததை இந்த ஊரில் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்களே! யார் போடுகிறார்கள் அந்த மார்க்கை?

மலர்: கம்பத்தடியில் ஒருவர் நிற்பார். கோல் என்றால் இரண்டு வெள்ளைக் கொடியை ஆட்டுவார், பிஹைண்ட் என்றால் ஒரு கொடி.

சித்தப்பா: ரயில்வே கார்டு வேலை. நல்லது. இப்போது நம் டீமைப் பற்றிச் சொல். மொத்தம் எத்தனை கோப்பை?

(மலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மவுண்ட் வேவர்லி கடந்து போகிறது.)

சித்தப்பா: காது கேட்டதா?

மலர்: ஒன்று.

சித்தப்பா: கிளப் தொடங்கி எத்தனை வருஷம்?

மலர்: 1873இல் தொடங்கினார்கள்.

சித்தப்பா: அந்த ஒன்று எப்போது?

மலர்: 1966.

சித்தப்பா: நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம்! எப்படி ஜெயித்தார்கள்?

மலர்: இன்றைக்கு எதிரில் ஆடப்போகிறார்களே, அதே கோலிங்வுட்தான். கடைசி நேரத்தில் 73க்கு 73. பேரி பிரீன் என்று ஒருவர், கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவசரமாக உதைத்தார். பந்து தத்தித் தத்தி, உருண்டு உருண்டு...

சித்தப்பா: (எழுந்தே நின்று) கோலுக்குள்!

மலர்: பக்கத்துச் சந்துக்குள்.

சித்தப்பா: (மெல்ல உட்கார்ந்து) 74க்கு 73. கருணை மார்க்கில் பாஸ்.

மலர்: அந்த ஒற்றைப் புள்ளியை இன்னும் கொண்டாடுகிறார்கள்.

சித்தப்பா: கொண்டாடாமல்? என்னிடம் 35 வாங்கியவன்தான் இன்றைக்கும் பொங்கலுக்கு வந்து காலில் விழுகிறான். 98 வாங்கியவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. ஆமாம், ஜெயிக்காத வருஷங்களில் என்ன செய்தார்கள்?

மலர்: கடைசி இடத்தில் வந்தால் 'மரக்கரண்டி' வாங்கினார்கள் என்று சொல்வார்கள். சும்மா ஒரு கேலிப் பட்டம்தான். எங்களிடம் 27 இருக்கிறது.

சித்தப்பா: 27 அகப்பை! உன் சித்தியிடம் சொல்லாதே, ஒன்று வாங்கிவரச் சொல்வாள். அம்மாடி, நீ சின்ன வயதில் கெட்டிக்காரப் பிள்ளையாயிற்றே. ஊரில் இத்தனை கிளப் இருக்க, எப்படி இதில் போய் விழுந்தாய்?

மலர்: நான் வந்தது 2009 பிப்ரவரி. தங்கியிருந்த வீட்டுக்காரப் பாட்டி செயின்ட் கில்டா. அந்த வருஷம் சீசன் தொடங்கினதும் ஜெயித்தார்கள். அடுத்ததும் ஜெயித்தார்கள். வரிசையாக 19 ஆட்டம், சித்தப்பா! ஊரிலேயே பெரிய டீம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டேன்.

சித்தப்பா: பாட்டி பழைய கதை ஒன்றும் சொல்லவில்லையா?

மலர்: கல்யாணத் தரகர் மாதிரி வாயே திறக்கவில்லை. இறுதியாட்டம் ஜீலாங்கோடு. 12 புள்ளியில் போயிற்று. எங்கள் கணக்கு 9 கோல், 14 பிஹைண்ட். மொத்தம் 68.

சித்தப்பா: பதினான்கு கருணை மார்க்! அதில் மூன்று உள்ளே போயிருந்தால்...

மலர்: கணக்குப் போடாதீர்கள். பதினைந்து வருஷத்துக்கு மேலாக நான் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருஷமும் இறுதியாட்டம் வந்தோம். இதே கோலிங்வுட். மணி அடித்தபோது 68க்கு 68.

சித்தப்பா: மறுபடியும் 68. அந்த எண்ணில் ஏதோ தோஷம் இருக்கிறது. கூடுதல் நேரம் கொடுத்தார்களா?

மலர்: அப்போது அந்த விதி கிடையாது. லட்சம் பேர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அழுவதா, சிரிப்பதா? அடுத்த சனிக்கிழமை வந்து மறுபடி முதலிலிருந்து ஆடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சித்தப்பா: அட, மறுதேர்வு! எத்தனை வித்தியாசம்?

மலர்: 56.

சித்தப்பா: ஜெயித்தது...

மலர்: அவர்கள்.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. ஹோம்ஸ்கிளென் நிலையத்தில் கறுப்பு வெள்ளைத் துண்டு போட்ட ஒரு கும்பல் ஏறுகிறது: அப்பா, அம்மா, பிள்ளைகள், தள்ளுவண்டியில் ஒரு குழந்தை. எதிர் இருக்கையில் எண்பது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து உட்காருகிறார். அவர் தொப்பியில் மட்டும் பதினொரு பேட்ஜ்.)

சித்தப்பா: (காதோடு) மலர், எதிர்க்கட்சி. வேறு பெட்டிக்குப் போய்விடலாமா?

மலர்: எதற்கு? மைதானத்திலும் கலந்துதான் உட்காருவோம். தனித்தனியாகப் பிரிப்பதே இல்லை.

சித்தப்பா: நடுவில் போலீஸ்?

மலர்: நடுவில் உருளைக்கிழங்கு வறுவல்தான். இரண்டு பக்கத்துக் கையும் அதில் இருக்கும்.

(கும்பலில் ஒரு பையன் பாட ஆரம்பிக்கிறான். பெட்டி முழுக்கச் சேர்ந்துகொள்கிறது. சித்தப்பாவின் கை தன்னையறியாமல் தயிர்சாத டப்பாவில் தாளம் போடுகிறது.)

மலர்: சித்தப்பா! கையை எடுங்கள். அது கோலிங்வுட் பாட்டு.

சித்தப்பா: ராகம் என்ன செய்யும் பாவம்? நல்ல நடை. யார் மெட்டு?

மலர்: இரவல் மெட்டுதான். போயர் போருக்குப் போன சிப்பாய்கள் 'போய்வருகிறேன் டாலி கிரே' என்று காதலியிடம் பாடிய பாட்டு அது. அதை எடுத்து வார்த்தையை மாற்றிக்கொண்டார்கள். அதில் ஒரு வரி வரும், கோப்பை என்பது எங்களுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று. அப்படிப் பாடிப் பாடியே 1958க்கும் 1990க்கும் நடுவில் எட்டு இறுதியாட்டத்தில் தோற்றார்கள்.

சித்தப்பா: கோப்பை அவர்களுக்கு எட்டு தடவை அல்வா கொடுத்திருக்கிறது. மற்ற கிளப்புக்கெல்லாம் சொந்த மெட்டா?

மலர்: பெரும்பாலும் இரவல்தான். மெல்பர்ன் கிளப் பாட்டு அமெரிக்கக் கொடியைப் புகழ்கிற பாட்டின் மெட்டு. ஹாதார்னும் அமெரிக்க மெட்டுதான். சிட்னி பாடுவது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பாட்டு. ஜீலாங் பாட்டு 'கார்மென்' ஆப்பராவில் காளைச்சண்டை வீரன் பாடுவது. பிரிஸ்பேன் பாட்டு எது தெரியுமா? பிரெஞ்சு தேசிய கீதம்!

சித்தப்பா: புதுச்சேரியில் ஜூலை 14ஆம் தேதி பாடுவார்களே, அதுவா? பிரிஸ்பேனுக்கும் பிரான்சுக்கும் என்ன சம்பந்தம்?

மலர்: ஒன்றுமில்லை. அது இந்த ஊர் ஃபிட்ஸ்ராய் கிளப்பின் பாட்டு. 1996இல் ஃபிட்ஸ்ராய் நொடித்துப்போய் பிரிஸ்பேனோடு சேர்ந்தது. சிங்கச் சின்னமும் பாட்டும் வடக்கே போய்விட்டன.

சித்தப்பா: பெண்ணோடு சீர்வரிசையாகப் பாட்டையும் அனுப்பியிருக்கிறார்கள். இதில் தப்பே கிடையாது, மலர். ஆடி மாதம் நம் தெரு மாரியம்மன் கோவில் ஸ்பீக்கரில் என்ன ஓடுகிறது? சினிமா மெட்டில் அம்மன் பாட்டு. முதல் இரண்டு அடி வரைக்கும் அது டூயட்டா தாலாட்டா என்றே தெரியாது. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே 'இன்ன பாட்டின் மெட்டு' என்று நேர்மையாக அச்சடித்தே இருப்பார்கள். அது போகட்டும், நம் பாட்டு?

மலர்: (தயங்கி) புனிதர்கள் அணிவகுத்துப் போகும்போது நானும் அந்த வரிசையில் இருக்கவேண்டும் என்று வரும். நியூ ஆர்லியன்ஸ் பாட்டு. கிளப் செல்லப் பேரே 'புனிதர்கள்'தானே, அதனால் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சித்தப்பா: நியூ ஆர்லியன்ஸில் எப்போது பாடுவார்கள்?

மலர்: சவ ஊர்வலத்தில் வாசிப்பார்கள்.

சித்தப்பா: (கண்ணை மூடி, நெற்றியைத் தடவிக்கொண்டு) சங்கு ஊதுகிற பாட்டைக் கிளப் பாட்டாக வைத்துக்கொண்டு, ஏன் ஜெயிக்கவில்லை என்று யோசித்திருக்கிறீர்கள்.

மலர்: ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த டீமின் பாட்டைத்தான் மைதானத்தில் போடுவார்கள். எங்கள் பாட்டைக் கேட்க எவ்வளவு ஏங்குவோம் தெரியுமா? வீரர்கள் உள்ளே போய் வட்டமாகத் தோளில் கைபோட்டுப் பாடுவார்கள். முதல் ஆட்டம் ஆடினவன் நடுவில் நிற்பான், அவன் தலையில் குடிக்கிற பானத்தைக் கொட்டுவார்கள்.

சித்தப்பா: மஞ்சள் நீராட்டு.

மலர்: ஆட்டம் தொடங்குமுன் இன்னொன்று பார்ப்பீர்கள். ரசிகர்கள் வாரமெல்லாம் உட்கார்ந்து க்ரீப் காகிதத்தை ஒட்டி, மூன்று நான்கு ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை செய்வார்கள். அதில் பெரிய எழுத்தில் செய்யுள் எழுதியிருக்கும். எதிரணியைக் கிண்டலடித்து, எதுகையோடு. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கிளப் இதற்கென்றே ஒரு நகைச்சுவைக் கலைஞரைப் பிடித்து எழுத வைத்தது.

சித்தப்பா: (முகம் மலர்ந்து) ஆகா, அரங்கேற்றம்! கம்பத்தில் கட்டித் தொங்கவிடுவார்களா?

மலர்: தூக்கிப் பிடிப்பார்கள். டீம் ஓடிவந்து நடுவில் கிழித்துக்கொண்டு போகும்.

சித்தப்பா: எதை?

மலர்: செய்யுளை.

சித்தப்பா: (நெஞ்சில் கை வைத்து) ஏட்டை வைகையில் விட்டார்கள், அது எதிர்த்து வந்தது. நெருப்பில் போட்டார்கள், வேகவில்லை. இவர்கள் பூட்ஸ் காலோடு நடுவில் பாய்கிறார்களா!

மலர்: கிழியத்தானே செய்கிறார்கள்.

சித்தப்பா: (யோசித்து) ஒரு விதத்தில் சரிதான். என் மாணவர்களும் கடைசிப் பரீட்சை முடிந்ததும் செய்யுள் பகுதியை அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இவர்கள் கிழிப்பதற்கு முன் லட்சம் பேர் படித்துவிடுகிறார்களே. எனக்கு அந்த பாக்கியம் கிடைக்கவில்லை.

மலர்: கவிஞர்களும் விட்டுவைக்கவில்லை, சித்தப்பா. புரூஸ் டாவ் என்று இந்த ஊர்க் கவிஞர். விக்டோரியாவில் பிறக்கிற குழந்தையை முதலில் கிளப் நிறத்தில்தான் சுற்றுகிறார்கள் என்று தொடங்கி, கிழப்பருவம் வரைக்கும் எழுதியிருக்கிறார்.

சித்தப்பா: (தள்ளுவண்டியைப் பார்த்து, கறுப்பு வெள்ளைக் கம்பளிக்குள் தூங்கும் குழந்தையைக் கண்டு) இது பிள்ளைத்தமிழ்! காப்புப் பருவத்திலேயே கட்சி முடிவாகிவிட்டது. தாலப் பருவத்தில் தோல்வி, செங்கீரையில் சமன்.

மலர்: இறுதியாட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாநிலம் முழுக்க அரசு விடுமுறை, தெரியுமா? நவம்பரில் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை.

சித்தப்பா: பந்துக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று. நான் இங்கேயே வாத்தியாராக வந்திருக்கவேண்டும். சரி, பேனா இருக்கிறதா?

மலர்: எதற்கு?

சித்தப்பா: பதாகைக்கு. குறள் வெண்பா. ஏழே சீர், கிழிக்கவும் வசதி.

(டயரித் தாளில் எழுதுகிறார். விரலை மடக்குகிறார், அடிக்கிறார், மறுபடி மடக்குகிறார். கூயோங் போயிற்று, ஹெயிங்டன் போயிற்று. எதிர்ப் பாட்டி ஆர்வமாகக் கழுத்தை நீட்டுகிறார்.)

சித்தப்பா: கேள்.

தப்பி உதைத்தாலும் ஒன்றுண்டு, தப்பாமல்
முப்பது தோற்றாலும் பாட்டு.

மலர்: நன்றாக இருக்கிறது! ஆனால் 27தானே?

சித்தப்பா: 27 என்றால் எதுகை போய்விடும். மூன்று அகப்பை கருணையாகப் போட்டிருக்கிறேன்.

மலர்: (சிரித்துக்கொண்டே தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைக்கிறாள்) வீட்டுக்காரப் பாட்டி இருந்திருந்தால் இதைப் படித்துக்காட்டச் சொல்லியிருப்பார்கள். போன வருஷம் தவறிவிட்டார்கள்.

சித்தப்பா: அந்தப் பாட்டைத்தான் வாசித்தார்களா?

மலர்: ஆமாம். அங்கே கோலிங்வுட்காரர்களும் வந்திருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து பாடினோம்.

(சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் மஃப்ளரைக் கழற்றுகிறார். சிவப்பு, வெள்ளை, கறுப்புத் துண்டை உதறி, மேடைக்குப் போகிற மாவட்டச் செயலாளர் மாதிரி தோளில் போட்டுக்கொள்கிறார். பர்ன்லி. எதிர்ப் பாட்டி அதைக் கவனித்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு மிட்டாய் நீட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறார்.)

சித்தப்பா: என்ன கேட்கிறார்?

மலர்: எந்த டீம் பக்கம் என்று கேட்கிறார். பாரக். ஞாபகம் இருக்கிறதல்லவா?

சித்தப்பா: எனக்கா சொல்கிறாய்? முப்பத்தாறு வருஷம் மனப்பாடம் செய்ய வைத்தவன் நான்.

(எழுந்து நிற்கிறார். துண்டைச் சரிசெய்கிறார். பெட்டி முழுக்கக் கேட்கும்படி, பாடம் நடத்துகிற குரலில், ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். பெட்டி உறைந்துபோகிறது. தள்ளுவண்டிக் குழந்தையின் அப்பா மெல்லக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிறார். அவர் போட்டிருப்பதோ கயிறில்லாத பூட்ஸ். பிறகு முதலில் பாட்டி சிரிக்கிறார், அப்புறம் பெட்டியே சிரிக்கிறது.)

மலர்: (முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு) சித்தப்பா...

சித்தப்பா: பார்த்தாயா, எவ்வளவு வரவேற்பு! அந்த அம்மா என்ன சொல்கிறார்?

மலர்: உங்கள் வயது என்ன என்று கேட்கிறார்.

சித்தப்பா: அறுபத்தாறு என்று சொல்.

மலர்: (சொல்கிறாள். பாட்டி சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்.)

சித்தப்பா: இப்போது என்ன சொன்னார்?

மலர்: இந்த வயதிலும் முழு டீமுக்கும் ஈடுகொடுக்க முடிந்தால், வாழ்த்துகளாம்.

சித்தப்பா: (பெருமையாகக் கைகூப்பி) நல்ல மனசு. எதிர்க்கட்சியாக இருந்தாலும்... (சட்டென்று நிற்கிறார்) மலர். நான் எந்தச் சொல்லைச் சொன்னேன்?

மலர்: ரிச்மண்ட் வந்துவிட்டது. தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு இறங்குங்கள், சித்தப்பா.